டொக்டர் சொன்னதில் பாதி

டொக்டர் சிங்களத்தில் பேச ஆரம்பிச்சா லேசுல நிறுத்தமாட்டார். கையை ஆட்டி, மேசையைத் தட்டி, பேப்பர்ல படம் போட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்ப மாட்டிக்கிட்டு சொல்லிக்கிட்டே போவார். எங்களுக்காகப் பேசிக் குடுக்கிற ஆன்ட்டி எல்லாத்தையும் தலையாட்டிக் கேப்பாங்க. பிறகு நம்ம பக்கம் திரும்பி, "பயப்பிட ஒண்டும் இல்லையாம் பிள்ளை" அப்படீன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க.

நாங்க சிரிப்போம். கிளினிக்குக்கு வர்ற தமிழ்ப் பொம்பளைங்களுக்கு அது ஒரு பெரிய வேடிக்கை. "அந்த மனுசன் அம்புட்டு நேரம் பேசுனதுக்கு இவ்வளவுதானா ஆன்ட்டி?"ன்னு கேட்டா, "மிச்சமெல்லாம் அவர் படிச்ச படிப்பு. உனக்கு என்னத்துக்கு?"ம்பாங்க. அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. புற்றுநோய்னு கேட்ட காதோட உக்காந்திருக்கிறப்ப, நீளமா எதையும் கேக்குற தெம்பு யாருக்கு இருக்கு?

அவங்களுக்குப் பேர் இருக்கு. சொல்லமாட்டேன். சொன்னா கண்டிக்குள்ள பாதி சனத்துக்கு யாருன்னு தெரிஞ்சுபோயிரும். நாளைக்கே நாலு பேர் வந்து, "அவங்களைப் பத்தியா இப்படி எழுதுற, உனக்கு மனசாட்சியே இல்லையா"ன்னு கேப்பாங்க. இருக்குங்க. அது இருக்கிறதாலதான் பேர் போடாம எழுதுறேன்.

யாழ்ப்பாணத்து ஆள். கல்யாணம் முடிச்சு வந்து கண்டிப் பக்கம் அம்பிட்டியவுலயே தங்கிட்டாங்க. கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரா இருந்து பென்ஷன் எடுத்தவங்க. அவங்க பேசுற சிங்களத்தைக் கேட்டு மிஸ்ஸிமாரே, அதான் நர்ஸ்மாருங்களே, வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. புருசன் போன பிறகு வீட்டுல சும்மா இருக்கப் பிடிக்காம, கிளினிக்குக்கு வந்து சிங்களம் தெரியாத சனத்துக்குப் பேசிக் குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க. சம்பளம் கிடையாது. யாரும் கூப்பிடவும் இல்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலையும், கையில குடையும், காலையில நாங்க போறதுக்கு முன்னமே வந்து வாசல்ல நிப்பாங்க.

நான் கம்பளைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரி. கம்பளை டவுன்ல துணிக்கடையில வேலை. எனக்குத் தெரிஞ்ச சிங்களமெல்லாம் கடைச் சிங்களம்தான். மீட்டர் என்ன விலை, சாயம் போகுமா, அளவு காணுமா, அம்புட்டுத்தான். மாருல ஒரு கட்டி இருக்குன்னு கண்டிக்கு அனுப்புனப்ப, அந்தச் சிங்களத்தை வச்சுக்கிட்டு என்னா செய்றது? வாங்குல உக்காந்து முழிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு குடை வந்து என் முழங்காலைத் தட்டுச்சு.

"நீ தமிழோ?"

"ஆமாங்க."

"அப்ப எழும்பு. இவ்வளவு நேரமும் உன்ர பேரைத்தான் கூப்பிடுகினம்."

கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கிலிருந்து நான் அவங்க பிள்ளை. இதை நான் கேலியா சொல்லல. ஊசி மருந்து ஏத்துற நாளெல்லாம் பக்கத்துல கதிரையைப் போட்டு உக்காந்திருப்பாங்க. வாந்தி வருதுன்னா, அதுக்கு இப்ப நல்ல மாத்திரை இருக்கு, ஏன் குடுக்கலன்னு மிஸ்ஸியோட சண்டைக்குப் போவாங்க. ஒருக்கா பஸ் தவறிப்போய் நான் லேட்டா வந்ததுக்கு, டொக்டரை எழும்பவிடாமப் பேச்சுக் குடுத்தே பிடிச்சு வச்சிருந்தாங்க. பெத்த தாய்கூட அப்படிச் செய்யமாட்டா.

ஒன்னு மட்டும்தான். எதையும் கேக்கமாட்டாங்க. உனக்கு என்னா வேணும்னு ஒரு நாளாவது கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. கன்டீனுக்குப் போனா எனக்கு ரோல்ஸ் மேல ஆசையா இருக்கும். அவங்க கவுன்டர்ல போய், "இந்தப் பிள்ளைக்கு இடியப்பமும் பால் சொதியும்" அப்படீன்னு சொல்லிருவாங்க. ஜன்னல் பக்கம் உக்காரப் போனா, "காத்துப் படும், இஞ்சால வா." மருந்து ஏத்துனா முடி கொட்டும்னு யாரோ சொன்னாங்கன்னு அழுதப்ப, ஆறுதல் ஒரு வார்த்தை இல்லை, கையோட டவுனுக்குக் கூட்டிப்போய், ஒரு சலூன்ல உக்கார வச்சு, ஒட்ட வெட்டச் சொல்லிட்டாங்க. முழங்கால் வரைக்கும் வளர்ந்த முடி. வெட்டுனபிறகுதான் என் முகத்தைப் பார்த்தாங்க. "இப்ப கொட்டுறதுக்கு ஒண்டும் இல்லை. அழுகையை நிப்பாட்டு" ன்னாங்க. நானும் நிப்பாட்டிட்டேன், பாருங்க. அப்படி ஒரு அதிகாரம், அப்படி ஒரு அன்பு.

கம்பளையிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் வருவார், வாயில புண்ணு. மருமகதான் கூட்டிக்கிட்டு வருவா. பாவம், வர்ற வழியெல்லாம் அவர்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டே வருவா. ஒரு நாள் டொக்டர் அவரைப் பார்த்து ஏதோ கண்டிச்சுச் சொன்னார். ஆன்ட்டி திரும்பி, "வெத்திலையை இண்டையோட விடட்டாம். காலமை எழும்பி நடக்கட்டாம். மருமகளோட சண்டை பிடிக்கவே கூடாதாம்" ன்னாங்க.

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "யா அல்லாஹ்! அது டொக்டருக்கு எப்புடித் தெரியும்?"

அந்த மருமக முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனா. நாங்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சோம். பிறகு நான் ரகசியமா கேட்டேன், "ஏன் ஆன்ட்டி, மெய்யாவே டொக்டர் அதைச் சொன்னாரா?"

"சொல்லாட்டி என்ன? தேவையானதுதானே."

அதுக்கும் சிரிச்சேன். இப்ப நினைச்சா வயித்தெரிச்சலா இருக்கு. டொக்டர் சொல்லாததைச் சேர்க்கத் தெரிஞ்சவங்களுக்கு, சொன்னதை விட்டுறவும் தெரியும்னு எனக்கு ஏன் அன்னைக்கே உறைக்கல?

ஒப்பரேசனுக்கு முந்தி டொக்டர் எங்களை உக்கார வச்சுப் பேசுனார். அன்னைக்கு வழக்கத்தைவிட நீளம். பேப்பர்ல வட்டமா ஒரு படம் போட்டு, ஓரத்துல ஒரு துண்டைக் கோடு போட்டுக் காட்டுனார். பக்கத்துல இன்னொரு படம். பென்சிலால அதையும் தொட்டு, இதையும் தொட்டு, என் முகத்தைப் பார்த்தார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, "சுகமாகோணும்தானே பிள்ளை?" ன்னாங்க.

"ஆமா ஆன்ட்டி."

"அப்ப முழுசா எடுக்கோணும். வேற வழியில்லை."

பிறகு டொக்டர்கிட்ட சிங்களத்துல என்னமோ நிறையப் பேசுனாங்க. அவர் திரும்ப என்னையே பார்த்து ஒன்னு கேட்டார். "என்ன கேக்குறாரு?"ன்னேன். "உனக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லு." எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல, "ஓவ்" ன்னு நானே சொன்னேன். முழுசா எடுத்துட்டாங்க.

அதுக்குப் பிறகு அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே! வேலைக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னாடி கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தாங்க, அவங்களே கையால தைச்சது, உருண்டையா. "பஞ்சு மட்டும் வச்சா மேல ஏறிப் போகும். பாரத்துக்குக் கொஞ்சம் கடுகு போட்டனான்" ன்னு சொல்லி, பாத்ரூமுக்குள்ள கூட்டிப்போய் அவங்களே உள்ள வச்சு, பிளவுஸ் பட்டனைப் போட்டுவிட்டு, தள்ளி நின்னு பார்த்தாங்க. "ஒருத்தருக்கும் தெரியாது. நிமிந்து நட." நான் அவங்க தோள்ல சாஞ்சு அழுதேன். அம்புட்டு நன்றி எனக்கு.

என் வீட்டுக்காரர் நல்ல மனுசன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனா நான் அவர் முன்னுக்கு உடுப்பு மாத்துறதில்லை. மக சின்னப்பிள்ளை, எப்பவும் அந்தப் பக்கம்தான் தலை வச்சுப் படுப்பா. அம்மாவுக்கு வலிக்கும்னு அவளா எடம் மாறிப் படுத்துக்கிட்டா. இதெல்லாம் உயிருக்குப் பதிலாக் குடுத்தது, வேற வழியே இல்லை, அப்படீன்னு நினைச்சுத்தான் இத்தனை வருசமும் பொறுத்துக்கிட்டேன்.

போன வருசம் என் நாத்தனாருக்கு அதே இடத்துல ஒரு கட்டி. கண்டிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஆன்ட்டி வாசல்ல இல்லை; முழங்கால் வருத்தம், இப்ப வர்றதில்லைன்னாங்க. எனக்கு அவங்க இல்லாதது வெறிச்சுன்னு இருந்துச்சு. உள்ள போனா ஒரு இளவயசு டொக்டர், பொம்பளைப் பிள்ளை, தமிழ் பேசுது! நாத்தனாரை உக்கார வச்சு, சோதனையில வந்ததையெல்லாம் நிதானமாச் சொல்லிட்டு, பேப்பர்ல படம் போட்டுச்சு. வட்டமா ஒன்னு, ஓரத்துல ஒரு துண்டு. பக்கத்துல இன்னொன்னு.

"உங்களுக்குக் கட்டி சின்னது. அதனால ரெண்டு வழி இருக்கு. கட்டியையும் அதைச் சுத்தி கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துட்டு, பிறகு கதிர்ச் சிகிச்சை குடுக்கலாம். அதுக்குச் சில கிழமைக்கு நீங்க தினமும் இங்க வரணும், விடவே கூடாது. இல்லாட்டி முழுசா எடுக்கலாம். அப்பக் கதிர் அனேகமா தேவைப்படாது. ரெண்டுல எதைச் செஞ்சாலும் பிழைக்கிற வாய்ப்பு ஒரே மாதிரிதான். வீட்டுல யோசிச்சு அடுத்த கிளினிக்குல சொல்லுங்க."

எனக்கு அந்தப் படத்துலயிருந்து கண்ணை எடுக்க முடியல. "இது இப்பப் புதுசா வந்த வைத்தியமா டொக்டர்?"

"இல்லையே. ரொம்ப நாளா இருக்கு."

நாத்தனாரை வாங்குல இருக்கச் சொல்லிட்டு, அடுத்த அறையில இருந்த என் பழைய டொக்டர்கிட்ட போனேன். நம்பரும் எடுக்கல, ஒன்னும் எடுக்கல. மிஸ்ஸி தடுத்ததும் காதுல ஏறல. இந்த நோய் வந்த பிறகு கிளினிக்கே கதின்னு கிடந்து கிடந்து என் சிங்களம் இப்ப நல்லாவே தேறிருச்சு. கேட்டேன். எனக்கும் அப்பக் கட்டி சின்னதா இருந்துச்சா? எனக்கும் ரெண்டு வழி இருந்துச்சா?

அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துருச்சு, சொன்னார். உங்களுக்கு நான் ரெண்டையும் சொன்னேனே, முதல் வழியே போதும்னுகூடச் சொன்னேனே, உங்களோட வந்த அந்த அம்மாதான் நீங்க தோட்டத்துலயிருந்து வர்றவங்க, தினமும் வரமாட்டீங்க, முழுசா எடுக்கத்தான் விருப்பம்னு சொன்னாங்க, எனக்கு மனசு கேக்காம உங்ககிட்டயே திரும்பக் கேட்டேன், நீங்க ஓவ்னு சொன்னீங்க. இந்த வாட்டி நடுவுல யாரும் இல்லை. அவர் சொன்னது முழுசும் என் காதுல விழுந்துச்சு.

அடுத்த நாளே கடைக்கு லீவு சொல்லிட்டு அம்பிட்டியவுக்குப் போனேன். மேடு ஏறும்போது மூச்சு வாங்குச்சு, கோவத்துல அது ஒரு பொருட்டாவே இல்லை. ஆன்ட்டி முன்னறையில, ஒரு காலை ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைக் கண்டதும் அப்படி ஒரு சந்தோசம்.

"வா பிள்ளை, வா! என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்? இரு, தேத்தண்ணி போடுறன். உனக்குச் சீனி குறைச்சுத்தான்."

"தேத்தண்ணி வேணாம். ஆன்ட்டி, டொக்டர் அன்னைக்கு எனக்கு ரெண்டு வழி சொன்னாரா, இல்லையா?"

மழுப்புவாங்க, மறந்துபோச்சும்பாங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். அதெல்லாம் இல்லை. என்னை நேராப் பார்த்தாங்க.

"சொன்னவர்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? நீ கட்டியை மட்டும் எடுங்கோ எண்டுவாய். பிறகு கதிருக்கு ரெண்டு நாள் வருவாய், மூண்டாம் நாள் வரமாட்டாய். உங்கட ஆக்கள் வராயினம் பிள்ளை. எனக்குத் தெரியும்."

உங்கட ஆக்கள்! இத்தனை நாள் பிள்ளை, பிள்ளைன்னு கூப்பிட்ட வாயி. என்னை மடியில போட்டுத் தாலாட்டாத குறையா வச்சிருந்தாங்களே, அப்பவும் அவங்க கண்ணுக்கு நான் தோட்டத்து ஆக்கள்ல ஒருத்திதானா?

"உனக்கு முந்தி ஒருத்தி வந்தவள்" ன்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. "உன்னைப் போலத்தான், தோட்டத்துப் பிள்ளை. அவளுக்கு நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னனான், கோட்டில சொல்லுற மாதிரி. கட்டியை மட்டும் எடுப்பிச்சாள். பிறகு கதிருக்கு வந்தாள், வந்தாள், ஒரு நாள் பஸ் இல்லை எண்டாள், ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாள், பிறகு ஆளையே காணேல்லை. திரும்பி வரேக்க எல்லா இடமும் பரவிப்போச்சு. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் கண்ணை மூடினவள். அண்டைக்கு நினைச்சன், இனி ஒருத்தருக்கும் எல்லாத்தையும் சொல்லுறேல்லை எண்டு."

கேக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. நானும் பிள்ளை பெத்தவதானே. ஆனா வந்த கோவம் அடங்கல.

"அவ செத்ததுக்கு என் மாரை எடுத்தீங்களா? நான் யாரு, எங்க போவேன், எங்க தங்குவேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கடுகண்ணாவையில எங்க சின்னம்மா வீடு இருக்கு ஆன்ட்டி, மெயின் ரோட்டு ஓரத்துலயே. அங்க தங்கியிருந்தா தினமும் பஸ்ஸு, ரயிலு. சின்னம்மாவே கூட வந்திருக்கும். பஸ் இல்லாட்டி நடந்தாவது வந்திருப்பேன்!"

"எனக்கு அது தெரியாது."

"கேட்டாத்தானே தெரியும்!"

தூக்கி வச்சிருந்த காலை ஸ்டூல்லயிருந்து இறக்குனாங்க. பிறகு மெதுவா, "நீ உயிரோட நிக்கிறாய் பிள்ளை. என்ர வீட்டுக்க நிண்டு என்னோட சண்டை பிடிக்கிறாய். எனக்கு அது காணும்" ன்னாங்க.

"எனக்குக் காணாது ஆன்ட்டி."

"காணாதுதான். ஆனா இண்டைக்குக் கேட்டாலும் அப்பிடித்தான் செய்வன்."

மன்னிப்புன்னு ஒரு சொல் வரல. நானும் போயிட்டு வர்றேன்னு சொல்லல. இறங்கி வர்ற வழியெல்லாம் கிளினிக்குல கண்ட வேற வேற முகமா ஞாபகத்துக்கு வந்துச்சு. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களுக்கும் "பயப்பிட ஒண்டும் இல்லையாம்" தான். அதை நம்பி, வயசுக்கு வந்த மகளோட சடங்கை அடுத்த வருசம் பெரிசா வைக்கலாம்னு தள்ளிப் போட்டாங்க. அந்தச் சடங்கைப் பார்க்க அவங்க இருக்கல. டொக்டர் அன்னைக்கு உண்மையில என்னா சொன்னார்? அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மாசமே பிள்ளைக்குத் தண்ணி ஊத்திப் பார்த்திருப்பாங்களே! நாங்க சிரிச்ச சிரிப்பு அத்தனையும் எனக்குக் கசந்துபோச்சு. அவங்க என்னை நல்லா ஏமாத்திட்டாங்க. சரி, வெறுத்துத் தொலைக்கலாம்னா அதுவும் முடியல. நடுவழியில நின்னு, முழங்கால் வருத்தத்துக்கு யார் அவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுவிடுறதுன்னு யோசிக்கிறேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

அடுத்த கிளினிக். தமிழ் பேசுற டொக்டர், "யோசிச்சீங்களா?"ன்னு கேட்டுச்சு. என் நாத்தனார் டொக்டரைப் பார்க்காம என்னைப் பார்த்தா.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க. நீங்க பட்டவங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதைச் செய்றேன்."

நாக்கு நுனியில நின்னுச்சு. எடுக்காதடி, முழுசாக் குடுத்துறாதடி, நான் இருக்கேன், தினமும் நான் கூட்டிக்கிட்டு வர்றேன். ஒரு வார்த்தை போதும், அவ தலையாட்டிருவா. ஆன்ட்டிக்கு இது எம்புட்டுச் சுலபமா இருந்திருக்கும்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "உடம்பு உன்னுது. டொக்டர்கிட்ட கேக்க வேண்டியதையெல்லாம் கேட்டுட்டு நீயே சொல்லு" ன்னேன்.

பிறகு கேட்டா பாருங்க! கதிர் குடுத்தா தோல் கறுத்துப் போகுமா, கொழுந்துக் கூடை தூக்கலாமா, ஒரு நாள் வரமுடியாமப் போனா என்னா ஆகும், முழுசா எடுத்தா கை வீங்குமா, புருசன் தொட்டா ஒன்னும் ஆகாதா. அந்தப் பிள்ளை ஒவ்வொன்னுக்கும் சிரிக்காம, அவசரப்படாம பதில் சொல்லுச்சு. என் நாத்தனார் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. பிறகு நிமிர்ந்தா.

"முழுசாவே எடுத்துருங்க டொக்டர். தினமும் பஸ் ஏறி இறங்க எனக்கு முடியாது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

நான் எழும்பி வெளிய வந்துட்டேன். சுவரோட நின்னு, சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்துல அவ வந்து தோளைத் தொட்டா.

"ஏன் அண்ணி அழுறீங்க? நானே அழல. நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லடி. நீ சொன்னியே, அது போதும்" ன்னேன்.

எனக்கு வெட்டுன அதே இடத்துலதான் அவளுக்கும் வெட்டுனாங்க. அதே தழும்பு. அவ அதைக் கண்ணாடி முன்னால நின்னு பார்க்கிறா. என்னால இன்னும் முடியல.